சன்ராவின் வெட்டுப்பலகை

உதோவுக்குப் பன்றி நாற்றம் ஒருநாளும் குமட்டியதில்லை. பிறந்து வளர்ந்ததே அதில்தான். தலைக்கு வாசனைத் தைலம் தடவிக்கொண்டு, இடுப்பு வளைய வணங்கி, நிமிர்வதற்குள் ஒரு பொய்யைச் சொல்லி முடிக்கிற ஆட்கள்தான் அவளுக்கு வயிற்றைப் புரட்டினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் அவள் பாதி ஆயுளைக் கழிக்க வேண்டியிருந்தது.

வெண்கொக்குப் பாணி கராத்தேயின் வரலாறு என்று தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது. நிறுவனர் தெங்கான் சேய்கோ மூன்று ஆண்டுகள் மலைக்குகையில் தவமிருந்தாராம். ஒரு விடியற்காலையில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கு அவருக்குக் கலையின் ரகசியத்தைக் காட்டியதாம். அந்த மூன்று ஆண்டுகளும் மனிதர் ஒசாகாவில், ஆற்றுமுகத்துச் சேற்றில், பெண்டாட்டி உதோவோடு பன்றிகளுக்குக் கழனித்தண்ணி வாளி தூக்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பற்றிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி: 'துணைவியார் ஷூரிக் கோட்டைக் காவல் வீரர் குடியில் பிறந்தவர்.' யாரோ இதைப் படித்துக் காட்டியபோது உதோ வாயிலிருந்த தேநீரை முற்றத்தில் துப்பினாள்.

அவள் ஒகினாவாத் தீவில், நாஹாவுக்குத் தெற்கே கரும்புக்கொல்லைகளுக்கு நடுவில் இருந்த ஓர் ஊரில், யோனாமினே சன்ராவின் மகள். சன்ரா பன்றி அறுப்பவர். வருஷப் பிறப்புக்கு முன்னால் சுற்றுவட்டாரம் முழுக்க அவரைத்தான் கூப்பிடும். அவருக்கு அடிமுறையும் தெரியும். அவருடைய அப்பன் பாட்டன் வழியில் வந்தது. முரண்டு பிடிக்கிற ஆண்பன்றியின் பின்னங்காலைப் பற்றி, முழங்காலை அதன் விலாவில் அண்டக் கொடுத்து, இடுப்பை ஒரு சுழற்று சுழற்றுவார். பன்றி மல்லாந்துவிடும். அதே சுழற்றில் ஆளையும் மல்லாத்துவார். ஊரில் அதற்குச் சன்ரா சுழற்று என்றே பெயர்.

சேய்கோ துறைமுகத்தில் வண்டி இழுத்துக்கொண்டிருந்த முரடர். ஒரு தகராறில் சன்ராவிடம் மல்லாந்தார். மறுநாள் காலையில் ஒரு ஜாடி அரிசிச் சாராயத்தோடு பன்றிக்கொட்டகை வாசலில் வந்து நின்று, கற்றுக்கொடுங்கள் என்றார். ஆறு வருஷம் கற்றார். அப்புறம் உதோவையும் கேட்டார்.

"வித்தையும் வேணும், பொண்ணும் வேணுமா? பன்னியையும் ஓட்டிக்கிட்டுப் போயேன்" என்றார் சன்ரா.

"குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறேன், மாமா?"

சர்க்கரை விலை விழுந்து, தீவே விஷமுள்ள காட்டு ஈந்து மரத்துச் சோற்றைக் கழுவிக் கழுவித் தின்ற பஞ்சம் வந்தது. பிழைக்க வேண்டுமானால் கப்பலேற வேண்டும். ஒசாகாவுக்குக் கிளம்ப இருந்த வாரத்தில் சன்ரா படுத்த படுக்கையாகிவிட்டார். சேய்கோ அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தார்.

"மாமா, எந்த ஊர்ல வித்தைக்கூடம் போட்டாலும் சுவத்துல உங்க பேருதான் எல்லாத்துக்கும் மேல. என் பேரு உங்களுக்குக் கீழதான். சத்தியம்."

"என் பேரு எதுக்குடா? பன்னிங்களுக்குத் தெரியும்."

"சத்தியம் பண்ணிட்டேன் மாமா."

"பண்ணுனா காப்பாத்து. உதோ கேட்டுக்கிட்டிருக்கா."

உதோ கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்பா போன பிறகு, அவர் இருபது வருஷம் கறி வெட்டிய பலகையில் ஒரு முழ நீளம், கை அகலம் அறுத்தெடுத்தாள். இரும்பு மாதிரி கனக்கிற மரம். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதில் சன்ராவின் பெயரை மையால் எழுதிக் கொடுக்க, அவள் அடுப்புக்கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அந்தக் கோடுகளின் மேலேயே சுட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த எழுத்து அந்தப் பெயர் ஒன்றுதான். அதுவும் கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும்.

ஒசாகாவின் ஆற்றுமுகத்தில் ஒகினாவாக்காரர்கள் மட்டும் குடியிருந்த தாழ்ந்த நிலம் அது. வேறு தெருவில் அவர்களுக்கு யாரும் வீடு தரவில்லை. சேய்கோ மரம் அறுக்கிற ஆலையில் வேலை பார்த்தார். உதோ நான்கு பன்றி வாங்கி வளர்த்தாள். சாயங்காலமானால் பன்றிக்கொட்டகையை ஒட்டிய சார்ப்பில் ஊர்ப் பையன்களுக்கு வித்தை. சுவரில் எல்லோருடைய பெயர்ப்பலகையும் தகுதிப்படி வரிசையாகத் தொங்கும்; அதுதான் வழக்கம். உச்சியில் சன்ரா. அதற்குக் கீழே சேய்கோ. ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் எல்லோரும் அந்த உச்சியைப் பார்த்துத்தான் தலை தாழ்த்துவார்கள். உதோ பன்றிக்கால் குழம்பு காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றுவாள். அவள் வாழ்க்கையில் நன்றாக இருந்த வருஷங்கள் அவைதான்.

பிறகு இமானிஷி வந்தார். துணி மொத்த வியாபாரியின் மகன், கல்லூரியில் படிக்கிறவர். முதல் நாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் சார்ப்புக்குள் நுழைந்தார். நல்ல மாணவர், அதை மறுக்க முடியாது. உடம்பும் வணங்கியது, அடி வாங்கினாலும் முகம் கோணவில்லை. ஆனால் குழம்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, கொட்டகைப் பக்கம் திரும்பிப் பன்றித்தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்ததை உதோ பார்த்துவிட்டாள். பாவம், பன்றி தன் இனத்துக் காலையே தின்றது. அன்றைக்கே அவரைத் துரத்தியிருக்க வேண்டும்.

அவர் பின்னால் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் ஆசை வந்தது. ஒரு பெரிய சங்கத்தில் பதிவு செய்தால்தான் கல்லூரிகளில் கற்றுக்கொடுக்க முடியும்; பதிவு செய்யப் பாணிக்கு ஒரு பெயரும் குருபரம்பரையும் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இமானிஷி மைக்கல்லும் தூரிகையுமாக வந்து உட்கார்ந்தார்.

"உங்க ஆசான் யாருங்க, ஆசானே?"

"சன்ரா. என் மாமனாரு."

"என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

"பன்னி அறுத்தாரு."

இமானிஷி தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "அத எழுத முடியாதுங்க. இந்த ஊர்ல அறுக்கிறவங்களுக்குத் தனித்தெரு. அவங்க தொட்ட கிண்ணத்தத் தொட மாட்டாங்க. அவருகிட்டக் கத்துக்கிட்டேன்னு எழுதுனா, அந்தக் காகிதத்தையே யாரும் தொட மாட்டாங்க."

உதோ அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அவங்கல்லாம் கறி திங்க மாட்டாங்களா தம்பி?"

"திம்பாங்கம்மா."

"அப்ப வெட்டுனது நல்லாருக்கு, வெட்டுனவன்தான் நாறுறான். அப்படித்தானே?"

உதோ புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். துறைமுகத்தில் ஆறு பேரை ஒற்றை ஆளாக அடித்தவர், தன் கைநகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் நிமிராமலே சொன்னார்:

"பழைய வீரர் ஒருத்தர்னு எழுதிக்கோ. பேரு வேண்டாம்."

சீ என்றாகிவிட்டது உதோவுக்கு. பாணியின் பெயரைத் தேடினபோது நடந்ததும் அதே அசிங்கம்தான். பன்றிச்சாணத்தில் நெளிகிற புழுவைத் தின்ன ஒரு வெள்ளைக் கொக்கு தினமும் வரும். சேய்கோ அதைச் சும்மா கை காட்ட, இமானிஷி அப்படியே பிடித்துக்கொண்டார். வெள்ளை, சுத்தம், உயரம் என்று அடுக்கினார். கொக்கு எதில் நின்றுகொண்டிருந்தது என்று அவர் எழுதவில்லை. 'காகிதத்துல என்ன வேணா எழுதிக்கட்டும், சுவத்துல அப்பா இருக்காரு' என்று உதோ தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுவருஷம் நகரத்துக்குள் புதுக் கூடம் கட்டினார்கள். வழுவழுவென்று தேவதாரு மரத் தரை. திறப்பு விழாவன்று உதோ புது கிமோனோ கட்டிக்கொண்டு போய் முதலில் சுவரைத்தான் பார்த்தாள். உச்சியில் கறுப்பு மெருகு பூசிய பலகை, தங்க எழுத்து. அவளுக்குத் தெரிந்த எழுத்து இல்லை.

"அது யாரு பேரு?"

"என் பேரு" என்றார் சேய்கோ.

"அப்பா பலகை எங்க?"

"இமானிஷிதான் எல்லாத்தையும் மாட்டுனான். பெரிய மனுஷங்க வராங்கன்னு எங்கயாவது எடுத்து வச்சிருப்பான். இப்பப் போயி கத்தாத உதோ."

அவள் நேரே இமானிஷியிடம் போனாள். "எங்கப்பா பலகைய என்னய்யா பண்ணுன?"

இமானிஷி சேய்கோவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தனை விருந்தாளிகளுக்கு முன்னால் தரையில் நெற்றி பட விழுந்தார். "மன்னிச்சிருங்கம்மா."

"பலகைத் திருடா! சோறு போட்ட வீட்டுலயே கை வச்ச நாயி" என்று சொல்லிவிட்டு உதோ வெளியே வந்தாள். அப்பா பலகை மேலே ஏறுகிற வரைக்கும் அந்தக் கூடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வருஷம் கால் வைக்கவில்லை. சேய்கோவிடம் கேட்கும்போதெல்லாம், பார்க்கலாம், இமானிஷியிடம் சொல்கிறேன் என்பார். இமானிஷி வருஷப் பிறப்புக்கு மிட்டாய்ப் பெட்டியோடு வந்து நிற்பார். அவள் பெட்டியைப் பிரிக்காமல் பன்றிக்குப் போடுவாள்.

யுத்தத்தில் ஒசாகா எரிந்தது. குண்டு விழுந்த அன்று உதோ பன்றிப்பட்டியின் கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தாள். சேய்கோ கூடத்துக்குள் ஓடினார். திரும்பி வந்தபோது புகையில் கண் சிவந்து, துணியில் சுற்றிய ஒரு பலகையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். 'ஊரு எரியுது, இந்த மனுஷன் தன் பேரத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு' என்று நினைத்தாள். பட்டிக்கு வந்து சேர்ந்த பிறகுகூட அவர் கையை விட்டு அதை இறக்கவில்லை.

யுத்தம் முடிந்து ஊரிலிருந்து வந்த ஆள் சொன்னதில் பாதி அவளுக்குக் கேட்கவில்லை. தீவின் தெற்குப் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் இல்லை, அண்ணன் பிள்ளைகள் இல்லை. வீடு இல்லை. வீட்டில் வைத்துக் கும்பிட்ட மூதாதையர் பெயர்ப்பட்டயம் இல்லை. அப்பாவின் சமாதி இருந்த குன்றையே குண்டு போட்டு உழுதுவிட்டார்களாம். யோனாமினே சன்ரா என்று ஒருவர் இருந்தார் என்பதற்கு இந்தப் பூமியில் ஒரு பலகைதான் சாட்சி, அதுவும் திருட்டுப் போயிருந்தது.

"இமானிஷிகிட்டக் கேளுங்க. கால்ல விழுறேன், கேளுங்க" என்று அன்றைக்கு அழுதாள்.

"அது எரிஞ்சு போயிருக்கும் உதோ" என்றார் சேய்கோ. சொல்லிவிட்டுக் குழம்பில் இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

யுத்தத்துக்குப் பிறகு கொக்குக்குச் சிறகு முளைத்தது. எரிந்த கூடம் அதே இடத்தில் திரும்ப எழுந்தது. ஊருக்கு ஊர் கிளை. வெளிநாட்டுச் சிப்பாய்கள் வந்து கற்றார்கள். கலர் கலராகப் பெல்ட். முராசே என்று ஒரு கெட்டிக்காரர் வந்து, புள்ளி போட்டு ஜெயிக்கிற போட்டிகளை ஆரம்பித்தார். சன்ரா சுழற்று 'சிறகு மடக்கு' ஆகி, புத்தகத்தில் பதினேழு பக்கம் பிடித்தது. ஈட்டியைப் பறிக்கிற அசைவு என்று விளக்கம். பன்றியே இல்லாமல், பன்றியின் காலே இல்லாமல், காற்றைப் பிடித்துச் சுழற்றினார்கள். அதில் யாரும் விழுவதில்லை. எதிராளி மரியாதைக்கு விழுந்தால்தான் உண்டு.

தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் சேய்கோ வயிற்றில் கட்டி வந்து படுத்தார். கடைசி நாட்களில் உதோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவத்துலதான் இருக்காரு உதோ, சுவத்துலதான் இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று அவள் நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். செத்ததும் அழக்கூடச் செய்தாள்.

எரித்த பிறகு எலும்பு பொறுக்க வேண்டும். நீளக் குச்சிகளால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து எடுத்துக் கலத்தில் போடுவது முறை. புத்தர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் கழுத்தெலும்பைக் கடைசியில், நெருங்கியவர்கள் எடுப்பார்கள். அந்த நேரம் பார்த்து இமானிஷியும் முராசேயும் ஒன்றாகக் குச்சியை நீட்டினார்கள். ஏனென்றால் அவரவர் நினைப்பில் இரண்டு பேருமே அடுத்த தலைவர்கள். எலும்புக்கலம் எந்தக் கூடத்தில் இருக்கிறதோ அதுதான் தலைமைக்கூடம் என்று அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது.

"நான் மூத்தவன்."

"ஆசான் கடைசியா எங்கிட்டத்தான் பேசுனாரு."

"விடுய்யா."

"நீங்க விடுங்க."

இரண்டு குச்சிகளுக்கு நடுவில் எலும்பு 'டப்'பென்று உடைந்தது. ஒரு துண்டு முராசேயின் பளபளக்கிற ஷூவின் மேல் விழுந்தது. அவர் காலை உதறினார். உதறினார்! தன் ஆசானின் கழுத்தெலும்பை, ஏதோ எச்சில் பட்ட மாதிரி. உதோ குனிந்து அந்தத் துண்டை வெறுங்கையால் எடுத்துக் கலத்தில் போட்டு மூடினாள். முறை தப்பிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தன்று, நிறுவனரின் பலகையை மனைவி கையால் இறக்கிப் பீடத்தில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதே மேடையில் எலும்புக்கலத்தை யாரிடம் தருகிறாள் என்பதையும் அறிவித்துவிட வேண்டுமாம். உதோ யோசித்தாள். புருஷன் போய்விட்டார், இனிமேல் கேட்க அந்தத் திருடன் மட்டும்தான் மிச்சம். அப்பா பலகையைத் தந்தால் கலத்தைத் தருகிறேன் என்று அத்தனை பேர் முன்னிலையில் இமானிஷியிடம் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள். அதற்காகத்தான், இருபத்திரண்டு வருஷம் கழித்து, அந்த வாசல்படியில் செருப்பைக் கழற்றினாள்.

முந்நூறு பேர் வெள்ளை உடுப்பில் மண்டியிட்டிருந்தார்கள். ஏணிப்படியில் ஏறி, கறுப்புப் பலகையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கை ஒருமுறை தாழ்ந்தது. தேவதாருப் பலகை இப்படிக் கனக்காது. இந்தக் கனம் அவளுக்குத் தெரியும். ஓரத்தில் மெருகுக்கு அடியில் வரிவரியாகப் பழைய கத்தித் தடம். விரல் தானாகப் பின்பக்கம் போனது. அங்கே மெருகில்லை. சுட்ட பள்ளங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக விரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"திருப்பாதீங்கம்மா" என்று ஏணியடியில் நின்ற இமானிஷி மெல்லச் சொன்னார். "எல்லாரும் பாக்குறாங்க."

"நீயா பண்ணுன?"

"நான் புதுப் பலகை வாங்கித் தரேன்னுதான் சொன்னேன். ஆசான்தான், இந்த மாதிரி மரம் கெடைக்காது, திருப்பிக்கலாம்னாரு. அவரே கையால மெருகு போட்டாரு. உங்ககிட்ட நான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு." "எல்லாரும் கும்பிடறது அவருக்கும் சேத்துத்தான்னு சொல்லுவாரும்மா."

"சுவத்தப் பாக்க வச்சா?"

இருபத்திரண்டு வருஷம் தப்பான ஆளைக் காறித் துப்பியிருக்கிறோம் என்பது உதோவுக்கு அப்போதுதான் உறைத்தது. சரியான ஆளுக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறாள். முதுகு தேய்த்து விட்டிருக்கிறாள். நெருப்புக்குள்ளிருந்து அவர் எதை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார் என்று இப்போது தெரிந்தது. தெரிந்தும் மனம் இளகவில்லை. தன் அப்பனைக் குப்புறப் போட்டு, அவர் முதுகில் தன் பெயரை எழுதி, அதற்கு ஊரையே கும்பிட வைத்த மனிதர், அவள் கையால் பிசைந்து ஊட்டிய கஞ்சியைக் குடித்துவிட்டுச் செத்திருக்கிறார்.

"உன்னைத் திருடன்னு சொன்னது தப்புதான். ஆனா பொய்ய எழுதுனவன் நீ. அது தப்பில்லன்னு நெனச்சுக்காத" என்றாள்.

இறங்கி வந்தாள். முராசே முன்னால் வந்து வணங்கினார். "அம்மா, கலத்த யாருகிட்ட..."

உதோ கலத்தை எடுத்துத் தரையின் நடுவில், இருவருக்கும் இடையில் வைத்தாள். "ஆளுக்குப் பாதி அள்ளிக்கோங்க. கழுத்தெலும்பு ஏற்கெனவே ரெண்டாத்தான் இருக்கு."

"பலகைய வச்சிட்டுப் போங்கம்மா! அது பாணியோட சொத்து!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் திரும்பவில்லை. முந்நூறு பேரில் யாராவது பின்னாலேயே ஓடி வந்து தடுத்திருப்பார்கள். ஆனால் அவள் படி தாண்டியதும் இமானிஷி வாசலை மறித்து, அவர்களுக்கு முகம் காட்டி நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்து கிமோனோவை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டாள். பலகையின் பின்பக்கத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தாள். அப்பாவின் பெயர் நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கடைக்குப் போய் இரண்டு பன்றிக்கால் வாங்கி வந்து, அடுப்பு மூட்டினாள். மடித்த துணியை விரித்து, அதன் மேல் அப்பாவின் பெயர் படும்படி பலகையை வைத்தாள். தங்க எழுத்து மேலே இருந்தது. கத்தியை எடுத்தாள்.

மூன்று நாள் வெட்டியதில் அங்கே ஒரு பெயர் இருந்ததாகவே தெரியவில்லை. சனிக்கிழமை பலகையைக் கழுவி, திருப்பி, சுவரில் மாட்டினாள்.